யங்ஸ்டவுனுக்கு நான் வைத்த முத்திரை

போன மாதம் நித்யா என் கைபேசிக்கு ஒரு படம் அனுப்பினாள். திண்டிவனத்தில் நான் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்த நூலகர் நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள். பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். திறப்பு விழாவுக்குச் சிறப்பு மலர் போடுகிறார்களாம். படத்தைத் தொடர்ந்து போனும் வந்தது.

"மேடம், இது உங்க கையெழுத்துதானே? முத்து முத்தா இருக்குது! நெட்டு இல்லாத காலத்துலயே அமெரிக்காவுல ஒரு ஊரப் பத்தி இவ்ளோ எழுதியிருக்கீங்க. இந்தப் பக்கத்த அப்படியே மலர்ல போடப் போறோம். பக்கத்துலயே உங்க அனுபவத்தயும் எழுதிக் குடுங்க மேடம். ஸ்வீட் மெமரீஸ் மாதிரி."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வினாப் பதிவேடு, நாற்பத்தொன்றாம் பக்கம். "அமெரிக்க ஐக்கிய நாடு, ஒஹையோ மாநிலம், யங்ஸ்டவுன் நகரம்: பொது விவரம்." கீழே என் கையெழுத்து, வட்ட முத்திரை. உலகத்தில் எத்தனையோ பக்கம் இருக்க இந்தப் பெண்ணுக்கு அதுதான் கிடைத்திருக்கிறது.

எழுதித் தருகிறேன் என்றேன். இதோ எழுதுகிறேன். இனிப்பு மட்டும் என்னிடம் இல்லை.

எங்கள் நூலகம் அரசாங்கத்துடையது அல்ல. அரிசி ஆலை நடத்திய ஒரு குடும்பம் தங்கள் அப்பா பெயரில் வைத்த அறக்கட்டளையின் நூலகம். நான் விழுப்புரத்துக்காரி. சென்னையில் நூலகப் பயிற்சி ஒரு வருஷம் முடித்து, எண்பதாம் வருஷம் வேலையில் சேர்ந்தேன். தினமும் காலையில் பாசஞ்சரில் திண்டிவனம், சாயங்காலம் திரும்ப விழுப்புரம். ரயிலை விட்டால் பஸ். பயிற்சியில் முதல் நாள், முதல் பாடம் இதுதான்: எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் அது அச்சான வருஷத்தைப் பார், அப்புறம் உள்ளே போ. அந்த ஒரு வருஷத்தில் வேறு என்ன படித்தேன் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். இது மட்டும் மறக்கவில்லை. மறந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

எனக்கு மேலே இருந்தவர் செயலாளர். ஏதோ ஆபீசில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வந்ததும் மேஜையில் ஒரு விரலால் கோடு இழுத்து, விரலைப் பார்ப்பார். தூசி இருந்தால் அந்த விரலை எனக்கு நேராகக் காட்டுவார். சட்டைப் பையில் பச்சை மைப் பேனா. பச்சை மையில் கோடு விழுந்தால் அந்த வரி செத்தது என்று அர்த்தம்.

நான் சேர்ந்த முதல் வாரம் ஒரு லாரியில் மரப்பெட்டிகள் வந்தன. ஆங்கிலக் கலைக்களஞ்சியம், இருபத்து நான்கு தொகுதி. தோல் அட்டை, தங்க எழுத்து. வேறு ஏதோ நூலகத்தில் வேண்டாம் என்று கழித்துக் கட்டிய செட். முதல் தாளின் பின்பக்கத்தில், அச்சான வருஷத்துக்குப் பக்கத்திலேயே, அந்த நூலகத்தின் "கழிக்கப்பட்டது" என்ற முத்திரை இருந்தது. செயலாளர் அதைப் பார்த்தார்.

"ஏம்மா, நம்ம லேபிளு பெரிசுதானே? அது மேல ஒட்டிடு. முதலாளி வந்து பாக்கறப்ப நம்ம பேருதான் தெரியணும்."

மைதா மாவு காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டு, இருபத்து நான்கு தொகுதியிலும் என் கையால் லேபிள் ஒட்டினேன். லேபிளில் எங்கள் நூலகப் பெயரும், புத்தகம் எங்களிடம் வந்த தேதியும் இருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பசை நன்றாக இருந்தால் மறைக்கலாம். ஒட்டும்போது அந்த அச்சு வருஷத்தை இருபத்து நான்கு தடவை பார்த்தேன். நான் பிறப்பதற்கு மூன்று வருஷம் முந்தையது. அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை எப்போது திறந்தாலும் கண்ணில் பட்டது "1980" என்று நான் எழுதிய தேதிதான்.

செயலாளரின் பெருமை வினாப் பதிவேடு. வாசகர் யார் எதைக் கேட்டாலும் அதில் ஏற வேண்டும். ஏழு கட்டம்: எண், தேதி, பெயர், வினா, விடை, ஆதாரம், கையொப்பம். ஆதாரம் என்ற கட்டத்தில் புத்தகப் பெயர், தொகுதி, பக்கம் இருக்க வேண்டும். வாசகர் விரும்பினால் விடையை நூலகத் தாளில் நகல் எழுதி, வட்ட முத்திரை குத்திக் கொடுக்கலாம். எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு பாய் வந்தார். மஸ்கட் போகப் போகிறார். "அங்க மழ பெய்யுமாம்மா? குடை எடுத்துக்கினு போவணுமா?" என்று கேட்டார். தேடினேன், சரியாகக் கிடைக்கவில்லை. விடைக் கட்டத்தில் "தெரியவில்லை" என்று எழுதினேன். மறுநாள் அதன் மேல் பச்சைக் கோடு.

"தெரியாதுன்றதுக்கு நூலகம் எதுக்கும்மா? நம்ம வாயிலேருந்து அந்த வார்த்தை வெளிய போவக் கூடாது."

மஸ்கட்டின் தீர்க்க ரேகை, அட்ச ரேகை, துறைமுகம் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். பாய் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குடை?" என்றார். நான் பதிவேட்டை மூடி வைத்தேன். அவர் குடையோடு போனாரோ இல்லாமல் போனாரோ. அந்தப் பதிவேட்டில் அதற்குப் பிறகு என் காலத்தில் "தெரியவில்லை" இல்லை.

எண்பத்து நாலாம் வருஷம் அரசி வந்தாள். பெருமுக்கல் பக்கத்துப் பெண், திண்டிவனத்தில் பி.ஏ. முதல் வருஷம். கல்லூரி விட்டதும் நூலகத்துக்கு வந்து பஸ் நேரம் வரை படிப்பாள். சும்மா புரட்டுகிற ஜாதி இல்லை. படித்ததில் சந்தேகம் வந்தால் நேராக என் மேஜைக்கு வருவாள்.

அன்றைக்கு அவள் அப்பா தணிகாசலமும் கூட வந்தார். சொந்த நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போடுகிற மனிதர். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்.

"லைப்ரரியம்மா, பொண்ணுக்கு ஒரு எடம் வந்துக்குது. விழுப்புரத்துல நல்ல குடும்பம். பையன் அமெரிக்காவுல யங்ஸ்டவுனுன்ற ஊருல இரும்பு ஃபேக்டரில இஞ்சினியராம். எனக்கு இன்னா தெரியும்? இவ இன்னாடான்னா சந்தேகமா இருக்குதுன்றா. அப்படி ஒரு ஊரு இருக்குதா, அதுல இரும்பு ஃபேக்டரி இருக்குதா, நீங்க பாத்து எழுதிக் குடுங்க. நீங்க இல்லன்னு எழுதினா இந்தப் பேச்ச இதோட வுட்டுர்றேன். இருக்குதுன்னா இவ ஒத்துக்கணும். எங்களுக்குள்ள பேச்சு அப்படி."

அரசி தலையாட்டினாள். ஒரு பெண்ணின் வாழ்க்கையை என் மேஜையில் வைத்துவிட்டு இரண்டு பேரும் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

கடைசித் தொகுதியை எடுத்தேன். இருந்தது, ஒன்றரைப் பத்தி. கூடவே ஒரு படம். ஆற்றோரம் வரிசையாகப் புகைபோக்கிகள், வானமே தெரியாத அளவுக்குப் புகை. மஹோனிங் என்ற ஆற்றின் கரையில் உள்ளது. கிளீவ்லாந்துக்கும் பிட்ஸ்பர்க்குக்கும் நடுவில். மக்கள்தொகை ஒன்றரை லட்சத்துக்கு மேல். நாட்டின் பெரிய எஃகு உற்பத்தி மையங்களில் ஒன்று. குளிர் அதிகம், பனி பெய்யும். ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து வேலைக்காக வந்து குடியேறியவர்கள் நிறைய. அப்படியே தமிழில் எழுதத் தொடங்கினேன்.

அரசி எழுந்து வந்து ஓர் ஏர் மெயில் கடிதத்தை நீட்டினாள். மாப்பிள்ளை அவளுக்கு எழுதியது.

"அக்கா, இதக் கொஞ்சம் பாருங்க. 'எங்கள் தெருவில் பாதி வீடு காலி. இங்கே சத்தமே இருக்காது. உனக்குப் பிடிக்குமோ என்னவோ'ன்னு எழுதியிருக்காரு. எங்க ஊர்ல மல்லாட்ட ஒடைக்கிற மிஷினு ஓடினாவே பக்கத்துல பேச முடியாது. இரும்பு ஃபேக்டரி இருக்கற ஊர்ல எப்படிக்கா சத்தமே இல்லாம இருக்கும்? வேலை இருக்கற ஊர்ல வூடு ஏன் காலியா கெடக்குது?"

பத்தொன்பது வயசுப் பெண் கேட்ட கேள்வி. பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிய எனக்கு அது தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. ஆதாரம் எழுதுவதற்காக முதல் தாளைத் திருப்பியிருந்தேன்; லேபிளின் ஓரத்தில் என் கட்டைவிரல் இருந்தது. அடியில் ஒரு வருஷம் இருக்கிறது என்று மனசில் ஏதோ நெருடியது. இந்தப் புத்தகம் பழசு, இன்றைக்கு எப்படியோ தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதை எழுதக் கட்டம் இல்லை. எழுதினால் பச்சைக் கோடு விழும், லேபிளைப் பற்றிய பேச்சு கிளம்பும். எனக்கு வேலை வேண்டும்.

"பெரிய ஊர்ல ஃபேக்டரியெல்லாம் ஊருக்கு வெளிய இருக்கும்மா," என்றேன். "லெட்டர் ஆதாரம் ஆவாது. புக்குல இருக்குது பாரு."

படத்தைக் காட்டினேன். அவள் அந்தப் புகையையே ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "நீங்க சொன்னா சரிதான்க்கா," என்றாள். தாளில் நகல் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையை மைப் பெட்டியில் இரண்டு தடவை அழுத்திக் குத்தினேன். தெளிவாக விழுந்தது.

மயிலம் கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளை அமைதியான ஆள், நிமிர்ந்தே பார்க்கவில்லை. வெட்கம் என்று பேசிக்கொண்டார்கள். தணிகாசலம் என்னை முன்வரிசையில் உட்கார வைத்து, வந்தவர்களிடம் எல்லாம், "இந்தம்மாதான் அந்த ஊரப் பத்தி கவுர்மெண்ட்டு பேப்பரு மாதிரி எழுதிக் குடுத்திச்சி," என்று காட்டிக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தும் காட்டினார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது, பத்திரிகைக்குத் தடவுகிற மாதிரி. எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

விசா வந்து எண்பத்தைந்தில் அரசி போனாள். படிப்பு நின்றது.

எண்பத்தெட்டில் ஒரு சித்திரை மாதம், காலை பதினோரு மணி இருக்கும். ஒரு பெண் உள்ளே வந்து கலைக்களஞ்சியத்தின் கடைசித் தொகுதியைத் தானே எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். யாரென்று எனக்குத் தெரியவில்லை. முதல் தாளைத் தனியாகத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். லேபிள் வழியாக வெளிச்சம் வந்தது. உதடு அசைய அந்த வருஷத்தைப் படித்தாள்.

"அக்கா, இது நான் பொறக்கறதுக்கு முன்ன இருந்த ஊரு," என்றாள்.

அப்போதுதான் குரலைக் கொண்டு அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? அவளாகவே சொன்னாள். கல்யாணத்துக்கு நாலைந்து வருஷம் முன்பே அவள் புருஷன் வேலை பார்த்த ஆலையை மூடிவிட்டார்கள். ஊருக்குச் சொல்ல வெட்கப்பட்டு, கிடைத்த சில்லறை வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறான். அவள் போன அடுத்த வருஷம் டெக்சஸில் வேலை தேடிப் போனான். முதலில் போன் வந்தது, பிறகு நின்றது. அவள் அப்போது கர்ப்பம். பனிக்காலம், கையில் காசில்லை, வீட்டைச் சூடாக்க வழியில்லை. குழந்தை ஏழாம் மாதத்தில் பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டது. பக்கத்து வீட்டுக் கிழவியும் மாதா கோயில்காரர்களும் சேர்ந்து டிக்கெட் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

"அவர மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன்க்கா. லெட்டர்ல அவரு சொல்லத்தான் பாத்துக்கினு இருந்தாரு. நாமதான் புக்கப் பாத்தோம்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. அழுவதற்கு வரவில்லை, ஒரு வேலையாக வந்திருந்தாள்.

"அப்பா என்னைய நம்ப மாட்டேன்றாருக்கா. உங்க பேப்பர எடுத்து வெச்சிக்கினு, 'ஸ்டாம்பு அடிச்சிக் குடுத்திருக்காங்க, ஒன்றர லட்சம் பேரு பொழைக்கிற ஊரு, ஒனக்குத்தான் வாழத் தெரியல'ன்றாரு. மாமியா வூட்லயும் அதத்தான் சொல்லிக்கினு இருக்காங்க. நான் ஓடி வந்துட்டேனாம். வாயால சொன்னா யாரும் கேக்கறதில்ல. அதே மாதிரி இன்னொரு பேப்பர் எழுதி ஸ்டாம்பு அடிச்சிக் குடுங்க. நான் பாத்தத சொல்றேன், நீங்க எழுதுங்க."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. எங்கள் ஏட்டுச் சுரைக்காய் அதோடு நிற்காமல், தோட்டத்துச் சுரைக்காயைப் பொய் என்றது.

பதிவேட்டை எடுத்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"யங்ஸ்டவுன். ஆத்தோரமா ஆலைங்க இருக்குது. முக்காவாசி பூட்டிக் கெடக்குது, செலத இடிச்சிட்டாங்க. வேலை போனவங்க ஊர வுட்டுப் போயிக்கினே இருக்காங்க. காலி வூட்டுக்கு யாரோ நெருப்பு வெச்சிடுவாங்க. கார்த்திகைலேருந்து பங்குனி வரைக்கும் குளிரு. ஆறு இருக்குது, நல்ல மரங்க இருக்குது, பார்க்கு ஒண்ணு ரொம்ப அழகா இருக்குது. ஜனங்க நல்லவங்க. அவங்களுக்கே வேலை இல்ல. புதுசா வர்றவங்க வர வேணாம்."

அதை எழுத்துத் தமிழாக்கி எழுதினேன். ஆதாரம் என்ற கட்டம் வந்தது. பேனாவை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

"எம் பேர எழுதுங்கக்கா," என்றாள். எழுதினேன். நகல் தாளும் எழுதி முடித்தேன். முத்திரை மட்டும் செயலாளரின் அலமாரிக்குப் போயிருந்தது. சாவி அவரிடம். அடுத்த வாரம் வா, வாங்கி வைக்கிறேன் என்றேன்.

மறுநாள் செயலாளர் வந்தார். மேஜையில் விரலால் கோடு இழுத்தார். தூசி இல்லை. பதிவேட்டைத் திறந்தார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

"ஆதாரத்துல ஆள் பேரு போடறதா? ஏம்மா, ஆளு பொய் சொல்லலாம். புத்தகம் பொய் சொல்லுமா?"

"புத்தகம் பழசுங்க சார். லேபிளுக்கு அடியில வருஷம் இருக்குதுங்க."

வேலையில் சேர்ந்த எட்டு வருஷத்தில் அவரிடம் நான் எதிர்த்துச் சொன்ன ஒரே வாக்கியம். அவர் கோபப்படவில்லை. பச்சைப் பேனாவைத் திறந்தார்.

"லேபிளு ஒட்டினது யாரும்மா?"

நான்தான் என்றேன். பக்கத்தின் குறுக்கே மூலைக்கு மூலை கோடு இழுத்தார். "ஆதாரமற்றது. நீக்கப்பட்டது" என்று எழுதினார். பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். எழுதியவரும் அடியில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது முறை. வீட்டில் என் சம்பளம்தான் சம்பளம், கைக்குழந்தை வேறு, என்று காரணங்கள் இருந்தன. நான் அதற்குப் பயம் என்றுதான் பெயர் வைப்பேன். கையெழுத்துப் போட்டேன்.

சொன்ன நாளில் அரசி வந்தாள். வெறுங்கையோடு நின்ற என்னைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"அப்ப அந்த மொதப் பேப்பரயாவது எங்க அப்பாகிட்ட வந்து வாங்கிக் கிழிச்சிப் போட்டுட்டு வாங்கக்கா. நீங்க தப்புன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். உங்களத்தான் நம்புறாரு."

வர்றேன் என்றேன். திண்டிவனத்திலிருந்து பெருமுக்கலுக்கு அரை மணி நேர பஸ். அந்த வாரம் குழந்தைக்குக் காய்ச்சல், அடுத்த வாரம் நூலகத்தில் இருப்புக் கணக்கெடுப்பு. அப்புறம் போக முகமில்லை. நான் போகவே இல்லை. அந்த ஐயா தன் பெண் பொய்க்காரி என்று நம்பிக்கொண்டே எட்டு வருஷம் கழித்துக் கண்ணை மூடினார். காரியப் பத்திரிகை நூலகத்துக்கு வந்தது. அதற்கும் போகவில்லை.

அரசி கூட்டேரிப்பட்டில் தையல் கடை வைத்தாள். ரயிலை விட்ட நாட்களில் பஸ் அங்கே நிற்கும். ஜன்னல் வழியாகத் தெரியும், மிஷினுக்கு மேல் குனிந்த தலை. பஸ் இரண்டு நிமிஷம் நிற்கும். இறங்காமல் இருப்பதற்கு அந்த இரண்டு நிமிஷம் ரொம்ப நீளம்.

நித்யா, நீ கேட்ட அனுபவம் இதுதான். நாற்பத்தொன்றாம் பக்கத்தை மலரில் போடு, எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எதிர்ப்பக்கத்தில் நூற்றுப் பன்னிரண்டையும் போட வேண்டும். பச்சைக் கோடு தெரிய வேண்டும். அடியில் இருக்கிற என் கையெழுத்தும் தெரிய வேண்டும். இரண்டையும் போட முடியாது என்றால் ஒன்றும் வேண்டாம்.

மலர் அச்சானதும் முதல் பிரதியில் உங்கள் புது முத்திரையைக் குத்தி எனக்குக் கொடு. நானே கூட்டேரிப்பட்டுக்கு எடுத்துப் போய் அரசி கையில் கொடுக்கிறேன். முத்திரை தெளிவாக விழட்டும். அவள் கேட்டது அதைத்தான். அதைப் பார்த்து நம்ப வேண்டிய மனிதர்தான் இப்போது இல்லை.